முடி வளர்ந்த பிறகும் மாத்திரை ஏன்? இளையர் புற்றுநோய் சிகிச்சையில் தவறிப்போகும் வேளைகள்

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த காலம் முடிந்துவிட்டது. முடி முளைத்துவிட்டது. பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ திரும்பியாயிற்று. எலும்பு மஜ்ஜையில் நோய் தெரியவில்லை என்று மருத்துவர் சொல்கிறார். கையோடு, இன்னும் ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு வீட்டிலேயே மாத்திரை என்றும் சொல்கிறார். பல குடும்பங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். நோய் போய்விட்டதென்றால் மாத்திரை எதற்கு? போகவில்லை என்றால் பிள்ளையை ஏன் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்?

இந்தக் குழப்பத்துக்கு விடை தெரியாத வீட்டில் மாத்திரை முதலில் ஒரு நாள் தவறும், பிறகு வாரத்தில் ஒரு நாள் தவறும். தவறுவது எவருக்கும் நடப்பதுதான். தவறியதை ஒளிக்க வேண்டிய நிலை வந்துவிட்டால்தான் சிகிச்சையே தடம் மாறுகிறது. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நோய் தெரியாத நிலை என்றால் என்ன

இளையரிடையே காணப்படும், வெள்ளணுக்களில் தோன்றி வேகமாக வளரும் கடும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். முதல் சில வார சிகிச்சைக்குப் பிறகு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றணுக்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றால் அதை நோய் அடங்கிய நிலை என்கிறார்கள். கணக்கைப் போட்டால், அப்போதும் நூறு கோடிக்கு மேல் அணுக்கள் மிச்சம் இருக்கலாம். அதனால்தான் பத்தாயிரம் அணுக்களில் ஒன்று புற்றணுவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் நுண்ணிய சோதனையைத் தனியாகச் செய்கிறார்கள். அந்தச் சோதனையிலும் எதுவும் தெரியவில்லை என்றால் நல்ல செய்தி. ஆனாலும் அது பூஜ்யம் ஆகாது.

மிச்சமிருப்பவற்றில் பல, பிரியாமல் சோம்பிக் கிடக்கும் அணுக்கள். இந்நோய்க்கு வீட்டில் தினமும் கொடுக்கும் மெர்கேப்டோப்யூரின் மாத்திரை உடலுக்குள் வேறு வடிவம் எடுத்து, அணு தன் மரபணுவை நகலெடுக்கும் நேரத்தில் அதில் புகுந்து கெடுக்கிறது. அணு எப்போது பிரியத் தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. தொடங்கும் நாளில் மருந்து உள்ளே இருக்க வேண்டும். ஊசி வழியே கொடுக்கும் கடும் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் உடல் தாங்காது. அதனால் சிறிய அளவில், தினமும், நீண்ட காலத்துக்கு மாத்திரை. மொத்த சிகிச்சை 2 முதல் 3 ஆண்டு வரை போவது இதனால்தான்.

எந்த நோய்க்கு என்ன மாத்திரை

1. கடும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்: தினமும் மெர்கேப்டோப்யூரின், வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட். சில சிகிச்சைத் திட்டங்களில் அவ்வப்போது 5 நாள் டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு. நுரையீரல் தொற்று வராமல் தடுக்க வாரத்தில் 2 அல்லது 3 நாள் கோட்ரைமாக்ஸசோல்.
2. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்: இமாட்டினிப், டாசட்டினிப், நிலோட்டினிப் போன்றவற்றில் ஒன்று, பல ஆண்டுகளுக்கு.
3. தைராய்டு புற்றுநோய்: சுரப்பியை முழுவதும் எடுத்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் லெவோதைராக்ஸின்.
4. ஹார்மோனைச் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்த இளம் பெண்கள்: டமாக்ஸிஃபென், 5 முதல் 10 ஆண்டு.

நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மாத்திரை சாப்பிட்டதால் இன்று உடம்பு தேறியதாகத் தெரியாது. சாப்பிடாவிட்டாலும் நாளைக்கு எதுவும் ஆகாது. காய்ச்சல் மாத்திரை அன்றைக்கே பலனைக் காட்டிவிடும். இவை காட்டா.

95 விழுக்காடு என்பது எவ்வளவு

மாத்திரைப் புட்டியின் மூடியில் சில்லு பொருத்தி, மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதியும் கருவி ஆய்வுகளில் பயன்படுகிறது. அமெரிக்கச் சிறுவர் புற்றுநோய் ஆய்வுக் குழு இக்கருவியைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், எழுதிக் கொடுத்த மெர்கேப்டோப்யூரினில் 95 விழுக்காட்டுக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கணிசமாக அதிகம் என்றும், விழுக்காடு இறங்க இறங்க ஆபத்து மேலும் கூடியது என்றும் தெரிந்தது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் சிறு பிள்ளைகளைவிட அதிகமாகத் தவறவிட்டார்கள்.

95 என்றதும் தேர்வு மதிப்பெண் போல தாராளமாகத் தோன்றும். மாதம் 30 நாளில் ஒரு நாள் தவறினால் 96.7. இரண்டு நாள் தவறினால் 93.3. அதாவது இரண்டாவது நாளிலேயே கோட்டுக்குக் கீழே போய்விடுகிறோம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 18 நாள்தான் இடம்.

நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயிலும் இதே கதை. லண்டனில் இமாட்டினிப் எடுத்துவந்த 87 பேரைக் கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நோயின் மரபணுச் சுவடு எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியது. 80 விழுக்காடோ அதற்குக் கீழோ எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட இறங்கவில்லை.

ஒரு வாரப் பெட்டியைத் திறந்து பார்த்தால்

"ஒழுங்காகச் சாப்பிடு" என்று சொல்வது சுலபம். அந்தப் பிள்ளை உண்மையில் எதைச் சாப்பிட வேண்டும் என்று பார்த்தால்தான் சிரமம் புரியும். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள 16 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மெர்கேப்டோப்யூரின் சதுர மீட்டருக்கு 50 மி.கி. என்றால் நாளுக்கு 80 மி.கி. ஆனால் மாத்திரை 50 மி.கி. அளவில் வருகிறது, 80ஐ அதில் உடைக்க முடியாது. அதனால் வாரக் கணக்காக்குகிறார்கள்: வாரத்துக்கு 560 மி.கி., கிட்டத்தட்ட 11 மாத்திரை. ஆறு நாள் ஒன்றரை மாத்திரை, ஒரு நாள் மட்டும் இரண்டு. எந்த நாள் இரண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் சதுர மீட்டருக்கு 20 மி.கி. என்றால் 32 மி.கி. 2.5 மி.கி. மாத்திரையாகக் கொடுத்தால் ஒரே இரவில் 13 மாத்திரை. குமட்டலுக்குப் பயந்த பிள்ளைக்கு அந்த ஒரு நாள் வாரம் முழுக்கத் தலைமேல் தொங்கும். அதோடு சனி, ஞாயிறு மட்டும் கோட்ரைமாக்ஸசோல். இரத்தச் சோதனையைப் பார்த்து மருத்துவர் அளவை மாற்றினால் இந்தக் கணக்கு முழுதும் மாறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினசரி மாத்திரை என்று தவறாக எண்ணித் தொடர்ந்து சில நாள் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. மருந்து தவறுவதைவிட உடனடிக் கேடு இது. கிழமையின் பெயரை மருந்துச் சீட்டிலும் பெட்டியிலும் பெரிதாக எழுதுங்கள். மற்ற மாத்திரைகளோடு கலக்காமல் தனிப் பெட்டியில் வையுங்கள்.

ஏன் தவறுகிறது

மறதிதான் முதல் காரணம் என்று இளையரே சொல்கிறார்கள். துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை, இரவு 10 மணிக்கு வீடு திரும்புதல், அப்படியே தூங்கிவிடுதல். பக்கவிளைவு இன்னொன்று: குமட்டல், களைப்பு, டெக்ஸாமெத்தசோன் நாள்களில் கோபமும் தூக்கமின்மையும். நண்பர்கள் முன் மாத்திரையை எடுக்கக் கூச்சம். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்ற நினைப்பு. இவை எல்லா ஊருக்கும் பொது.

சிங்கப்பூரில் நம் வீடுகளில் கூடுதலாக மூன்று உண்டு.

1. பொறுப்பு கைமாறும் இடைவெளி. 12 வயது வரை அம்மா கையில் கொடுத்தார். 14 வயதில் "பெரிய பையன் ஆகிட்டான், அவனே பார்த்துக்குவான்" என்று ஒரே நாளில் விட்டுவிடுகிறோம். அவன் அம்மா எடுத்து வைப்பார் என்று நினைக்கிறான். அம்மா அவன் எடுத்துக்கொள்வான் என்று நினைக்கிறார். வீட்டில் பணிப்பெண்ணும் பாட்டியும் இருந்தால் நினைப்பவர்கள் நால்வர், எடுத்துக் கொடுப்பவர் யாரும் இல்லை.
2. மொழி. மருத்துவ அறையில் பிள்ளையும் மருத்துவரும் ஆங்கிலத்தில் பேசி முடித்துவிடுவார்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பாட்டிக்கு "இந்த வாரம் முதல் ஒன்றரை" என்ற மாற்றம் போய்ச் சேராது. தமிழில் கையால் எழுதிய ஒரு தாள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருந்தால் போதும். பல வீடுகளில் அது இருப்பதில்லை.
3. நோயின் பெயரையே சொல்லாமல் இருப்பது. "ரத்தம் கம்மி, சத்து மாத்திரை" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, 15 வயதில் சத்து மாத்திரையை விட்டால் என்ன என்று கேட்பது நியாயம்தான். பிள்ளை பயந்துவிடும் என்ற கவலை புரிகிறது. ஆனால் பெயர் தெரியாத நோய்க்கு யாரும் இரண்டு ஆண்டு மருந்து சாப்பிடமாட்டார்கள்.

ஒளித்தால் என்ன ஆகும்

கட்டுரையின் மையம் இதுதான். மெர்கேப்டோப்யூரின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரத்தச் சோதனை. நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் பொதுவாக மைக்ரோலிட்டருக்கு 500 முதல் 1,500க்குள் இருக்கும்படி மருந்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பார்கள். திட்டத்துக்குத் திட்டம் இந்த எல்லை கொஞ்சம் மாறும்.

இப்போது சங்கிலியைப் பாருங்கள்.

1. பிள்ளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடுகிறான். கேட்டால் "எல்லாம் எடுத்தேன்" என்கிறான்.
2. வெள்ளணு 3,000க்கு ஏறுகிறது. இவன் உடலுக்கு மருந்து போதவில்லை என்று மருத்துவர் கணித்து அளவைக் கூட்டுகிறார்.
3. தேர்வு முடிந்து விடுமுறை. வீட்டில் அனைவரும் இருப்பதால் கூட்டிய அளவை ஒழுங்காக எடுக்கிறான்.
4. வெள்ளணு சரிகிறது. மருந்தை முழுவதும் நிறுத்துகிறார்கள். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கை.
5. ரத்தம் தேறியதும் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். சில வாரம் வீணாகிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற பெயரும் அவன் கோப்பில் ஏறிவிட்டது.

"வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போச்சு" என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டாவது படியே நடந்திருக்காது. சிகிச்சைக் குழுவுக்கு உதவுவது உண்மைக் கணக்குதான். நல்ல பிள்ளைக் கணக்கு அல்ல.

உண்மையை அறிய ஆய்வக வழியும் உண்டு. மருந்தின் இரண்டு சிதைபொருள்களை சிவப்பணுக்களில் அளக்கலாம். இரண்டும் குறைவென்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒன்று குறைவாகவும் மற்றது மிக அதிகமாகவும் இருந்தால், மருந்து போகிறது, உடல்தான் அதை வேறு பாதையில் செலவழிக்கிறது. சாப்பிடுகிற பிள்ளையைப் பொய் சொல்கிறான் என்று திட்டாமல் காப்பாற்றும் சோதனை இது.

மரபணுவும் ஒரு காரணம்

இந்த வட்டாரத்தில் மரபணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்யூடிடி15 என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு மெர்கேப்டோப்யூரின் இயல்பான அளவிலேயே வெள்ளணுவை அடியோடு சரித்துவிடும். இந்த மாற்றம் கிழக்காசியர்களிடம் அதிகம்; தெற்காசியர்களிடமும் உண்டு. இதைத் தெளிவாக்கிய 2016ஆம் ஆண்டு ஆய்வில் குவாத்தமாலா, ஜப்பான் ஆகியவற்றோடு சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் இடம்பெற்றிருந்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தவர்களுக்கு இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருக்கலாம்.

ஆகவே பக்கத்துப் படுக்கைப் பிள்ளை இரண்டு மாத்திரை சாப்பிடுகிறான், நம் பிள்ளைக்கு வாரத்தில் மூன்றுதானா என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. அரை மாத்திரைதானே, ஒரு நாள் விட்டால் என்ன என்று எண்ணுவதும் தப்பு. அவன் உடலுக்கு அந்த அரை மாத்திரைதான் முழு மருந்து.

எது உதவுகிறது, எது உதவுவதில்லை

நினைவூட்டும் செயலியை இறக்கினால் தீர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சான்று அவ்வளவு தாராளமாக இல்லை. அமெரிக்காவில் 444 பேரை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவுக்கு நோய் பற்றிய விளக்கம் மட்டும் தந்தார்கள். மறு பிரிவுக்கு விளக்கத்தோடு கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியும், மாத்திரை விழுங்குவதைப் பெற்றோர் நேரில் பார்க்கும் ஏற்பாடும் சேர்த்தார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம், அதிலும் முன்பே அதிகம் தவறவிட்டவர்களிடம், பலன் தெரிந்தது. அதாவது யாருக்குச் சிக்கல் இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு மனிதர் பக்கத்தில் நிற்பது உதவுகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. நேரத்தைப் பழக்கத்தோடு கட்டுங்கள். "இரவு 9 மணி" என்பதைவிட "பல் விளக்கியதும்" அல்லது "கைத்தொலைபேசியை மின்னூட்டத்தில் போடும்போது" நிலைக்கும். மெர்கேப்டோப்யூரினை இரவில்தான், வெறும் வயிற்றில்தான், பாலே கூடாது என்ற பழைய கட்டுப்பாடுகள் நோய் திரும்புவதில் மாற்றம் ஏற்படுத்தவில்லை என்று 2017இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஒரே நேரத்தில், தினமும் என்பதே முக்கியம். கட்டுப்பாடு கூடினால் தவறும் நாளும் கூடும். நேரத்தை மாற்றும் முன் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.
2. வாரப் பெட்டியை இருவர் சேர்ந்து நிரப்புங்கள். ஞாயிறு மாலை, பிள்ளை நிரப்பட்டும், பெரியவர் சரிபார்க்கட்டும். பெரியவர் கையுறை அணியட்டும். கர்ப்பிணிகள் இந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது. வீட்டில் பொடியாக்கவும் கூடாது. தூள் காற்றில் பரவும். எந்த மாத்திரையை அதன் புட்டியிலிருந்து எடுத்து வேறு பெட்டியில் வைக்கலாம் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். சமையலறை, குளியலறை ஈரப்பதம் ஆகாது.
3. விழுங்குவதைப் பார்ப்பது. 13 வயதில் அம்மா பார்க்கலாம். 19 வயதில் அதே பார்வை சண்டையில் முடியும். அண்ணனோ தோழியோ, காலியான பெட்டியின் படத்தை வாட்ஸ்அப்பில் பெற்றுக்கொள்வது போதும். யார் பார்ப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.
4. குமட்டலை முன்கூட்டியே அடக்குங்கள். வாந்தித் தடுப்பு மாத்திரையை மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கலாமா என்று கேளுங்கள். டெக்ஸாமெத்தசோனை உணவோடு கொடுங்கள். இரவு வேளையைச் சற்று முன்னதாக மாலையில் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டால் தூக்கம் மிஞ்சும். விழுங்கத் திணறினால் திரவ வடிவம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.
5. 10 நாளுக்கான மருந்து மிஞ்சியிருக்கும்போதே அடுத்ததைக் கேளுங்கள். ஹெல்த்ஹப் எனும் அரசின் சுகாதார இணையத்தளம் வழியாக மருந்து கோரும் வசதியும் வீட்டுக்கு அனுப்பும் சேவையும் பொது மருத்துவமனைகளில் உண்டு. எல்லாப் புற்றுநோய் மருந்துக்கும் அது பொருந்தாது. உங்கள் மருந்துக்கு உண்டா என்று முன்னரே தெரிந்துகொள்ளுங்கள்.
6. தவறினால் இரட்டிப்பாக்காதீர்கள். தினசரி மாத்திரை அன்றைக்கே நினைவுக்கு வந்தால் எடுக்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் விட்டதை விட்டுவிட்டுக் குறித்து வையுங்கள். வார மாத்திரை தவறினால் தானாக முடிவெடுக்காமல் அழையுங்கள். சாப்பிட்டதும் வாந்தி எடுத்தாலும் அப்படியே.

உணவு, நோன்பு, ஊர்ப் பயணம்

பம்பளிமாஸ். சீனப் புத்தாண்டுக்கும் நிலா விழாவுக்கும் வீடு வீடாக வரும் இந்தப் பழம், இமாட்டினிப், டாசட்டினிப், நிலோட்டினிப் போன்றவற்றைக் கல்லீரல் கரைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். மருந்து ரத்தத்தில் கூடிப்போகும். இவற்றை எடுப்பவர்கள் அந்தப் பழத்தையும் கிரேப்ஃப்ரூட்டையும் தவிர்க்க வேண்டும். இமாட்டினிப்பை உணவோடு, பெரிய கோப்பைத் தண்ணீருடன் எடுக்க வேண்டும். நிலோட்டினிப் காப்ஸ்யூலுக்கு நேர் எதிர்: இரண்டு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் சாப்பாடு கூடாது. டாசட்டினிப் எடுப்பவர் நெஞ்செரிச்சலுக்குக் கடை மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. லெவோதைராக்ஸினைக் காலை வெறும் வயிற்றில் எடுத்து, கோப்பிக்கும் தே தாரிக்குக்கும் குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

ரமலானில் சிங்கப்பூரில் நோன்பு 13 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நாளுக்கு ஒருமுறை மருந்து என்றால் நோன்பு திறந்த பிறகோ சஹர் நேரத்திலோ மாற்ற முடியலாம். நிலோட்டினிப் போல 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வெறும் வயிற்றில் என்றால் கணக்கு ஒத்துவராது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இளையர் வீம்புக்கு நோன்பு பிடித்து மாத்திரையை விடுவது நடக்கிறது. ரமலான் தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் திருச்சிக்கோ சென்னைக்கோ போகும்போது மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். மருத்துவர் கடிதமும் ஒரு வாரத்துக்கான கூடுதல் மருந்தும் இருக்கட்டும். நம் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே இரவு 9 என்றால் அங்கே மாலை 6.30. தினசரி மாத்திரையை அங்குள்ள இரவு வேளைக்கு நகர்த்துவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்: உறவினர் கையில் திணிக்கும் கஷாயமும் லேகியமும். மெர்கேப்டோப்யூரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் ஏற்கெனவே கல்லீரலைச் சோதிப்பவை. என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்து சேர்ந்தால், கல்லீரல் அளவு ஏறும்போது எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையும் குழுவைக் கேட்காமல் வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதே ஃபோலேட்டைத் தடுத்துத்தான்.

வீட்டில் கேட்கும் விதம்

"மாத்திரை போட்டியா?" என்ற கேள்விக்கு வரும் பதில் எப்போதும் "ம்". கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். "தம்பி, இந்த வாரம் எந்த நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால், தவறுவது சகஜம் என்று கேட்பவரே ஒப்புக்கொண்டதாகிறது. "புதன்கிழமை" என்று அவன் சொன்னால் அடுத்து வரும் வார்த்தைதான் முக்கியம். "எவ்வளவு செலவு பண்ணி, எவ்வளவு அழுது..." என்று தொடங்கினால் அடுத்த வாரம் எதுவும் விட்டுப்போயிருக்காது, அதாவது அவன் வாயில் வராது. "சரிப்பா, சொன்னியே. புதன்கிழமை என்ன ஆச்சு?" என்றால் துணைப்பாடம் முடிந்து வரத் தாமதம் என்று தெரியவரும், புதனன்று மட்டும் நேரத்தை மாற்றலாம்.

மருத்துவ அறையிலும் 14, 15 வயதிலிருந்தே சில நிமிடம் பிள்ளை தனியாக மருத்துவரிடமோ தாதியிடமோ பேச விடுங்கள். மது, உறவு, கருத்தடை பற்றி அப்பா அம்மா முன்னால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் கெடுக்கும். மதுவோடு சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும். தெரிந்தே ஆக வேண்டிய விஷயங்கள். மனச்சோர்வும் இங்கே வெளியே வரும். டமாக்ஸிஃபென் எடுப்பவருக்கு வேறொரு மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை எழுதும்போது புற்றுநோய் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் இரண்டும் டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடியவை.

நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் அதையும் பேசலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. குழந்தை வேண்டும் என்பதற்காக மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரையைச் சத்தமில்லாமல் விடும் இளம் பெண்கள் இருக்கிறார்கள். 42 வயதுக்கு உட்பட்ட சுமார் 500 பெண்களை வைத்து 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 18 முதல் 30 மாதம் வரை சிகிச்சை எடுத்தபின் மருத்துவர் கண்காணிப்பில் இரண்டு ஆண்டு வரை நிறுத்தியவர்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் திரும்பும் விகிதம் கூடவில்லை. திட்டமிட்ட இடைவெளிக்கு வழி இருக்கிறது. கேட்டால்தான் அது கிடைக்கும்.

பணமும் பிரிவு மாற்றமும்

விலைக்குப் பயந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுபவர்களும் உண்டு. 2022 செப்டம்பர் முதல் அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், வெளிநோயாளிப் புற்றுநோய் மருந்துகளில் சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ளவற்றுக்கே பணம் தருகிறது. உங்கள் மருந்து பட்டியலில் இருக்கிறதா, மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பில் எவ்வளவு எடுக்கலாம், மெடிஃபண்ட் உதவிநிதி கிடைக்குமா என்பதை மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள். மாத்திரையைப் பாதியாக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறுவர் பிரிவிலோ சிகிச்சை பெற்றவர்கள் பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது இன்னொரு ஓட்டை விழுகிறது. சிறுவர் பிரிவில் தாதியே அழைத்து நினைவூட்டுவார். பெரியவர் பிரிவில் நாமே அழைக்க வேண்டும். மாறுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே பிள்ளை தன் மருந்துகளின் பெயர், அளவு, காரணம் மூன்றையும் தாளைப் பார்க்காமல் சொல்லப் பழகட்டும், முன்பதிவைத் தானே போடட்டும். தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இளையருக்கென்றே ஆதரவுத் திட்டம் இருக்கிறது. ஒத்த வயதினரைச் சந்திக்க அது நல்ல இடம்.

எப்போது உடனே அழைக்க வேண்டும்

1. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல்: மாத்திரை தவறியதோ இல்லையோ, பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.
2. மெத்தோட்ரெக்ஸேட் ஒரு நாளுக்கு மேல் எடுத்துவிட்டதாகச் சந்தேகம்: அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே.
3. வாய்ப்புண், ரத்தக்கசிவு, கண் மஞ்சளாதல்.
4. "இனி சாப்பிடமாட்டேன்" என்று பிள்ளை மறுத்து மூன்று நாள் ஆகிவிட்டது. இதை வீட்டுச் சண்டையாக நினைத்து அடுத்த முன்பதிவு வரை தள்ளிப்போடாதீர்கள்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: மருந்தின் பெயரும் இப்போதைய அளவும், கடைசியாக உண்மையில் விழுங்கிய தேதி, கடந்த நான்கு வாரத்தில் தவறிய நாள்களின் எண்ணிக்கை, புட்டியில் மிச்சமிருக்கும் மாத்திரைகளின் எண்ணிக்கை. கடைசி இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால், இரண்டையுமே சொல்லுங்கள்.